லான்செட்டில் இரண்டு முறை வந்த கீழாநெல்லி

கீழாநெல்லியைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "லான்செட்லயே வந்திருக்கு சார். நோபல் பரிசு வாங்கினவரே சேர்ந்து எழுதியிருக்காரு." வாட்ஸ்அப் செய்தி, மேடைப் பேச்சு, யூடியூப் வீடியோ என்று எல்லா இடத்திலும் இந்த வரி சுற்றுகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் மற்ற பல விஷயங்களைப் போல இது கட்டுக்கதை இல்லை. நிஜமாகவே வந்தது.

1988-ல் லான்செட் இதழில் வந்த மூன்று பக்கக் கட்டுரை அது. முதல் பெயர் எஸ்.பி. தியாகராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியர், பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கடைசிப் பெயர் பரூக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி வைரஸின் தடயத்தை மனித ரத்தத்தில் முதலில் கண்டவர், 1976-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஹெபடைடிஸ் பி கிருமியைப் பல வருடமாக உடலில் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்தால் என்ன ஆகிறது என்பதுதான் ஆய்வின் கேள்வி.

நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு ஆய்வுக் கட்டுரையின் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்க மருத்துவப் பட்டம் வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும். அப்படிப் பார்த்ததன் குறிப்புதான் இது. கட்டுரை பற்றிய விமர்சனம் பாதி, அதை நாம் வாசித்த விதம் பற்றிய விமர்சனம் பாதி.

கட்டுரை சொல்வது என்ன

முறை எளிமையானது. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி-யின் மேற்பரப்பு ஆன்டிஜென் இருப்பவர்களை எடுத்துக்கொள்கிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று வருமே, அதேதான். ஒரு குழுவுக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த 200 மில்லிகிராம் கேப்ஸ்யூல், ஒரு நாளைக்கு மூன்று, முப்பது நாள். இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று கேப்ஸ்யூல், அதாவது பிளாசிபோ. மருந்து முடிந்து 15 முதல் 20 நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.

கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் காணாமல் போயிருந்தது. 59 சதவீதம். பிளாசிபோ சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் போயிருந்தது. 4 சதவீதம். சிலரை ஒன்பது மாதம் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். போன ஆன்டிஜென் யாருக்கும் திரும்பி வரவில்லை. பக்கவிளைவு இல்லை அல்லது மிகக் குறைவு.

இந்த வித்தியாசம் குருட்டு அதிர்ஷ்டத்தால் வந்திருக்குமா? வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். 37-ல் 22, 23-ல் 1 என்ற எண்களை எந்தப் புள்ளியியல் சோதனையில் போட்டாலும், தற்செயலாக நடக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே வரும். "சாம்பிள் சின்னது, அதனால் தப்பு" என்று ஒரே வரியில் தள்ளிவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சின்ன சாம்பிள்தான். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தூக்கிப்போட அந்தக் காரணம் போதாது.

அப்படியென்றால் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, கீழாநெல்லி நிஜமாகவே வேலை செய்தது. இல்லை, ஆய்வு நடந்த விதத்தில் ஏதோ ஒன்று இரண்டு குழுக்களையும் வேறுபடுத்திக் காட்டியது. மூன்று பக்கக் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எது என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறு ஊரில், வேறு ஆட்கள், அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

செய்தார்கள். அந்தப் பாதிதான் நம் ஊர்ப் பேச்சில் வருவதே இல்லை.

அதே இதழ், 1990

இரண்டு வருடம் கழித்து, அதே லான்செட்டில், தாய்லாந்து மருத்துவர்களின் முடிவு வெளியானது. தலைப்பிலேயே தோல்வி என்று போட்டிருந்தார்கள். அறிகுறி இல்லாமல் கிருமியைச் சுமக்கும் 65 பேர். 34 பேருக்குக் கீழாநெல்லி, 31 பேருக்குப் பிளாசிபோ. சென்னையில் கொடுத்த அதே அளவு, ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம். அதே முப்பது நாள். ஆன்டிஜென் போனது 6 சதவீதம் பேருக்கு மட்டும். அளவு பத்தவில்லையோ என்று இரட்டிப்பாக்கி இன்னொரு முப்பது நாள் கொடுத்தும் பார்த்தார்கள். பெரிய மாற்றம் இல்லை.

1991-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சென்னை முடிவை உறுதிப்படுத்த முடியவில்லை என்று எழுதினார்கள். 1994-ல் மும்பையிலிருந்து ஓர் ஆய்வு, அதே வருடம் நியூசிலாந்திலிருந்து ஒன்று. இரண்டின் தலைப்பிலும் தோல்வி என்ற சொல் இருக்கிறது. மும்பை ஆய்வைச் செய்தவர்கள் மூலிகை மருந்துக்கு எதிரிகள் இல்லை. ஆயுர்வேத மூலிகைகளை நவீன முறையில் சோதிப்பதையே வேலையாக வைத்திருந்தவர்கள் அதில் இருந்தார்கள். மருந்து ஜெயித்திருந்தால் முதலில் கொண்டாடியிருக்கக் கூடியவர்கள்.

1995-ல் சீனாவில் ஓர் ஆய்வு. கீழாநெல்லிக் குடும்பத்தில் மூன்று தயாரிப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்றுக்கு ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் அது வேறொரு ஆன்டிஜென் குறைந்ததில். மேற்பரப்பு ஆன்டிஜென் யாருக்கும் போகவில்லை. 2011-ல் காக்ரேன் அமைப்பு இந்தச் செடிக் குடும்பம் பற்றிய 16 சோதனைகளை, மொத்தம் 1,326 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. பிளாசிபோவை விட நல்லது என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்கள் எட்டிய முடிவு.

ஆக, "லான்செட்லயே வந்திருக்கு" என்று சொல்பவரிடம் நாம் மறுக்க வேண்டியது எதுவுமில்லை. "ஆமாம், ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டாவதையும் படிச்சீங்களா?" என்று கேட்டால் போதும்.

59 என்ற எண் எவ்வளவு பெரியது

இதை உணர ஹெபடைடிஸ் பி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் போனதும் தன் டி.என்.ஏ.வை செல்லின் உட்கருவுக்குள் ஒரு வட்டமாக மூடி வைத்துக்கொள்கிறது. சி.சி.சி. டி.என்.ஏ. என்பார்கள். இதுதான் மூலப் பிரதி. இதைப் பார்த்து எழுதிய ஆர்.என்.ஏ. நகல்களிலிருந்துதான் வைரஸின் புரதங்கள் எல்லாம் உருவாகின்றன. மேற்பரப்பு ஆன்டிஜென் அந்தப் புரதங்களில் ஒன்று. வைரஸுக்குத் தேவையானதை விடப் பல மடங்கு அதிகமாக அது உற்பத்தியாகி ரத்தத்தில் மிதக்கிறது.

இன்று நாம் கொடுக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸின் பாலிமரேஸ் என்ற என்சைமைத் தடுக்கின்றன. அதனால் புது வைரஸ் உருவாவது கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆனால் மூலப் பிரதி உட்கருவில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து மேற்பரப்பு ஆன்டிஜென் வந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஓடுகிற ப்ராசஸை நிறுத்தியாயிற்று, டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை அழிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் பல பேருக்கு வைரஸ் மறுபடி எழுந்து நிற்பது அதனால்தான்.

எந்த மருந்தும் இல்லாமல், நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்கு ஆன்டிஜென் தானாகவே போகிறது. டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளைப் பல வருடம் சாப்பிட்டாலும் பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். இன்டர்ஃபெரான் ஊசியை ஒரு வருடம் போட்டுக்கொண்டாலும் 10 சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம். உலகத்து மருந்துக் கம்பெனிகள் எல்லாம் துரத்திக்கொண்டிருப்பது இந்த ஒரு எண்ணைத்தான்.

இப்போது 1988-க்குத் திரும்பிப் போங்கள். காய்ந்த செடியின் பொடி, முப்பது நாள், 59 சதவீதம். இது உண்மையாக இருந்தால், கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து இன்றும் உலகில் இருக்கும் எந்த மருந்தையும் விட இது பல மடங்கு மேல். அப்படி ஒரு மருந்தை ஏதோ சதி செய்து மறைத்துவிட்டார்கள் என்பது நம்ப முடியாத கதை. செடி நம் வீட்டுக் கொல்லையில் முளைக்கிறது. யார் மறைக்க முடியும்? மேலும் ஏராளமான நோயாளிகள் வைத்திருக்கும் சீனாவும் தைவானும், அவர்கள் மரபு மருத்துவத்திலேயே புழங்கும் ஒரு செடிக் குடும்பத்தை ஏன் கைவிட வேண்டும்?

பிளாசிபோ குழுவின் அந்த ஒரு ஆளையும் கவனியுங்கள். வருடத்துக்கு 1 சதவீதம் என்ற கணக்கில், 23 பேரில் ஒன்றரை மாதத்துக்குள் ஒருவருக்கு ஆன்டிஜென் போக, நூற்றில் மூன்று பங்குதான் வாய்ப்பு. ஒரே ஆளை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கோடு முப்பது டிகிரி சாய்ந்திருக்கும்போது ஸ்கேலையும் ஒருமுறை பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி ஒரு சின்ன நெருடல்.

மூன்று கேள்விகள்

கட்டுரையைப் பார்த்து எனக்கு எழும் கேள்விகள் இவை.

முதலாவது, 37-க்கு எதிராக 23. இரண்டு குழுக்களையும் ஏறத்தாழ சமமாக வைத்துத்தான் இப்படிப்பட்ட ஆய்வுகள் ஆரம்பிக்கும். முடிவில் எண்ணப்படுபவர்கள் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருந்தால், எண்ணாமல் விடப்பட்டவர்கள் எங்கே என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பிளாசிபோ குழுவும் 37 பேரோடு தொடங்கியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காணாமல் போன 14 பேருக்கும் ஆன்டிஜென் போயிருந்தால் 37-ல் 15 ஆகும், 41 சதவீதம். 59-க்கும் 41-க்கும் உள்ள தூரம் அதிர்ஷ்டத்தால் வரக்கூடியதுதான். பதினான்கு பேருக்கும் போயிருக்க வாய்ப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவின் பலம், கண்ணில் படாத ஆட்கள் மேல் இவ்வளவு தூரம் சாய்ந்து நிற்கிறது என்பதைக் காட்டத்தான் இந்தக் கணக்கு. இன்று நடக்கும் சோதனைகளில், ஆரம்பத்தில் சேர்ந்த எல்லோரையும், பாதியில் போனவர்களையும் சேர்த்தே கணக்கில் காட்ட வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இரண்டாவது, எந்தச் செடி? நம் ஊரில் கீழாநெல்லி என்று பறிக்கப்படுவது ஒரே இனம் இல்லை. பழைய இந்தியத் தாவரவியல் நூல்களில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று குறிக்கப்பட்டது உண்மையில் அமாரஸ், ஃபிராட்டெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று 1985-ல்தான் மித்ராவும் ஜெயினும் தெளிவுபடுத்தினார்கள். 1987-ல் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் மூவரும் எழுதிய ஆய்வுக்கூடக் கட்டுரையில் செடியின் பெயர் நிரூரி. அடுத்த வருட லான்செட் கட்டுரையில் அமாரஸ். பெயர் திருத்தம் தவறில்லை, நல்ல விஷயம்தான். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் பாக்கெட் வாங்குபவருக்கு உள்ளே எந்த இனம் இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

மூன்றாவது, செயல்முறை. செடியின் சாறு சோதனைக் குழாயில் வைரஸின் பாலிமரேஸைத் தடுக்கிறது, மேற்பரப்பு ஆன்டிஜெனோடு ஒட்டிக்கொள்கிறது என்று காட்டினார்கள். தியாகராஜன் குழு 1982-லேயே, கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் சோதனைக் குழாயில் இந்த ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்வதாக எழுதியிருக்கிறது. ஆனால் கீழாநெல்லியில் டானின் வகைப் பொருட்கள் நிறைய. டானின் எந்தப் புரதத்தோடும் ஒட்டும் குணம் கொண்டது. தோல் பதனிடுவதே அந்தக் குணத்தை வைத்துத்தான். குழாயில் ஒட்டுவது உடலுக்குள் கல்லீரல் வரை போய் வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி ஆகாது. மேலே பார்த்தபடி, பாலிமரேஸை முழுசாகத் தடுத்தால்கூட ஆன்டிஜென் ஒரு மாதத்தில் போகாது. சொல்லப்பட்ட செயல்முறையும் சொல்லப்பட்ட விளைவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1988-ல் இந்த விவரம் யாருக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோல்விகள் வந்த பிறகு ஆதரவாளர்கள் கொடுத்த விளக்கம், செடி வளரும் மண், பறிக்கும் பருவம், பக்குவப்படுத்தும் முறை எல்லாம் மாறினால் வீரியம் மாறும் என்பது. இது நியாயமான கருதுகோள்தான். ஆனால் எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய வசனம் உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" கஸ்டமர் இடத்தில் ஓடாத புரோகிராமுக்கு டெவலப்பர் கொடுக்கும் பதில். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அவர் மெஷினில் ஓடத்தான் செய்யும். ஆனால் என்ன வெர்ஷன், என்ன செட்டிங் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மூன்றாம் ஆள் ஒருவர் அதன்படி ஓட்டிக் காட்டும்வரை டிக்கெட்டை மூட முடியாது. இந்த வேதிப்பொருள் இத்தனை சதவீதம் இருந்தால் பலிக்கும், இல்லாவிட்டால் பலிக்காது என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சோதித்தால் அது அறிவியல். தோற்ற பிறகு மண்ணைக் காரணம் சொன்னால் எந்தச் சோதனையாலும் அதைத் தோற்கடிக்க முடியாது.

அதே பிளம்பர்க், இன்னொரு மருந்து

நோபல் பரிசு பெற்றவர் பெயர் இருப்பதால் முடிவு சரியாக இருக்கும் என்ற வாதத்துக்கு வருவோம். இதற்குப் பதில் பிளம்பர்க்கின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1960-களில் அவர் வைரஸைத் தேடவே இல்லை. மனிதர்களின் ரத்தப் புரதங்கள் இனத்துக்கு இனம் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபிலியா நோயாளியின் சீரம், ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் சீரத்தோடு வினைபுரிந்தது. அதனால் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்து 1965-ல் வெளியிட்டார்கள். அது ஹெபடைடிஸோடு சம்பந்தப்பட்டது என்பது 1967 வாக்கில்தான் பிடிபட்டது. நாம் இவ்வளவு நேரம் பேசும் மேற்பரப்பு ஆன்டிஜென்தான் அது.

1969-ல் பிளம்பர்க்கும் இர்விங் மில்மனும் ஒரு விசித்திரமான யோசனைக்குக் காப்புரிமை கேட்டார்கள். வைரஸ் தன் சட்டையைத் தேவைக்கு மேல் தைத்து ரத்தத்தில் மிதக்க விடுகிறது. அந்தக் காலிச் சட்டைகளுக்குள் டி.என்.ஏ. இல்லை, நோய் வராது. அவற்றை மட்டும் பிரித்தெடுத்து ஊசி போட்டால் உடம்பு எதிர்ப்பு சக்தியைக் கற்றுக்கொள்ளும். நோயாளியின் ரத்தத்திலிருந்தே தடுப்பூசி! பல பேருக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது.

அந்த யோசனையை யாரும் பிளம்பர்க் பெயருக்காக ஏற்றுக்கொள்ளவில்லை. மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் அந்தச் சீரத்தைப் பெப்சின், யூரியா, ஃபார்மால்டிஹைடு என்று மூன்று கட்டமாகச் சுத்தம் செய்து பக்குவப்படுத்தினார். நியூயார்க்கில் வோல்ஃப் ஸ்முனெஸ் 1,083 பேரை, 549 தடுப்பூசி, 534 பிளாசிபோ என்று பிரித்துச் சோதித்து 1980-ல் முடிவை வெளியிட்டார். தொற்று 92 சதவீதம் வரை குறைந்தது. 1981-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 1986-ல் ரத்தமே தேவைப்படாமல், ஈஸ்ட்டில் அந்தப் புரதத்தை வளர்த்துச் செய்த தடுப்பூசி வந்தது. தைவான் 1984-ல் பிறந்த குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70-லிருந்து பத்து வருடத்துக்குள் 0.36 ஆகப் பாதியானது. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தியாவிலேயே தயாரித்ததும் விலை விழுந்தது. ஊர் மாறினாலும், கம்பெனி மாறினாலும், ரத்தத்திலிருந்து ஈஸ்ட்டுக்கு மாறினாலும் தடுப்பூசி வேலை செய்தது. மண்ணையும் பருவத்தையும் காரணம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

ஒரே மனிதர். இரண்டு யோசனை. இரண்டுமே தொடக்கத்தில் நம்ப முடியாதவை. ஒன்று மற்றவர்கள் கையில் திரும்பத் திரும்ப ஜெயித்தது, மற்றது மற்றவர்கள் கைக்குப் போனதும் தோற்றது. நோபல் பரிசு இரண்டுக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

பிளம்பர்க் செடி பக்கம் ஏன் வந்தார் என்பதும் புரிந்துகொள்ளக் கூடியதே. தடுப்பூசி, தொற்று வராதவரைக் காக்கும். ஏற்கெனவே சுமப்பவருக்கு அதனால் பயன் இல்லை. 1980-களில் அவர்களுக்குக் கொடுக்க நல்ல மருந்தே கிடையாது. மரபு மருத்துவங்களில் தேடிப் பார்ப்போம் என்று இறங்கியது நியாயமான முயற்சி. சென்னைக் குழுவின் உழைப்பையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூலிகைக்குப் பிளாசிபோ வைத்துச் சோதிப்பது அந்தக் காலத்தில் இங்கே அபூர்வம். கட்டுரையிலேயே இதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் எழுதியிருக்கிறார்கள், மேலும் ஆராய வேண்டும் என்றுதான் முடித்திருக்கிறார்கள். அந்தச் சொற்களைத் தொலைத்தது நாம்.

பிளம்பர்க் வேலை பார்த்த ஃபாக்ஸ் சேஸ் மையம் இந்தச் செடிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியதை நம் மரபறிவைத் திருடியதாக இங்கே கண்டித்தார்கள். கண்டிக்க வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், "பலிக்காமலா அமெரிக்காக்காரன் பேடன்ட் வாங்கினான்?" என்று அதே காப்புரிமையையே சான்றாகவும் காட்டுகிறார்கள். காப்புரிமை அலுவலகம் ஒரு பொருள் புதுசா என்று பார்க்கும். நோய் குணமாகுமா என்று நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்க்காது.

காமாலையும் கேரியரும் ஒன்றில்லை

"எங்க பாட்டி காலத்துலேர்ந்து காமாலைக்குக் கொடுக்கறோம், குணமாகுதே?" இது அடுத்த கேள்வி. குணமாகத்தான் செய்யும்.

மஞ்சள் காமாலை ஒரு அறிகுறி. நம் ஊரில் தண்ணீர் மூலம் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் அதற்கு முக்கியக் காரணங்கள். பெரும்பாலோருக்கு இவை சில வாரங்களில் தாமாகவே சரியாகிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றினாலும் 95 சதவீதம் பேர் தாமாகவே அதை வென்றுவிடுகிறார்கள். இந்த நிலையில் கீழாநெல்லி மோரில் அரைத்துக் கொடுத்தாலும் குணமாகும், வெறும் மோர் கொடுத்தாலும் குணமாகும். பாட்டி பார்த்தது பொய்யில்லை. ஆனால் கொடுக்காமல் விட்ட இன்னொரு வரிசையைப் பாட்டி பார்க்கவில்லை.

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் 90 சதவீதம் குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். இருபது முப்பது வருடம் கண் மஞ்சளாகாது, வலி இருக்காது. ரத்த தான முகாமிலோ, விசாவுக்கான மெடிக்கலிலோ, கர்ப்பகாலப் பரிசோதனையிலோதான் தெரியவரும். பாட்டி காலத்தில் இந்த ஆட்களைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே இவர்களுக்குக் கீழாநெல்லி பலித்ததா இல்லையா என்று மரபறிவால் சொல்லவும் முடியாது. இந்த இரண்டு நோய்களையும் "காமாலை" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதுதான் மொத்தத் தவறுக்கும் வேர் என்று நினைக்கிறேன்.

இந்தக் குழப்பத்தின் விலையைக் கொடுப்பவர் நோயாளி. எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒருவருக்கு ரத்த தானத்தின்போது பாசிட்டிவ் என்று தெரிந்தது. இரண்டு மாதம் கீழாநெல்லி சாப்பிட்டார். கண் மஞ்சளாகவில்லை, பசி எடுத்தது, "க்ளியர் ஆயிடுச்சு" என்று முடிவு செய்துவிட்டார். மறுபரிசோதனை செய்யவில்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. செடி அவருக்கு ஒரு கெடுதலும் செய்திருக்காது. பாசிட்டிவ் என்ற தகவலை அணைத்துவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தகவல்தான் அவர் குடும்பத்துக்கு மிகவும் தேவையாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி. அதில் சுமார் 2.98 கோடி இந்தியாவில். அந்த ஒரு வருடத்தில் இந்த வைரஸால் இறந்தவர்கள் சுமார் 11 லட்சம். பெரும்பாலும் கல்லீரல் சுருக்கமும் கல்லீரல் புற்றுநோயும். இது "சாப்பிட்டுப் பார்ப்போம்" என்று விடக்கூடிய நோய் இல்லை.

பாசிட்டிவ் என்று வந்தால்

மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஆறு மாத இடைவெளியில் மறுபடி பார்த்துத்தான் நாள்பட்டதா என்று உறுதி செய்வார்கள். வைரஸ் அளவு, கல்லீரல் என்சைம், ஸ்கேன் ஆகியவற்றைக் கேளுங்கள். எல்லா பாசிட்டிவ்காரர்களுக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. ஆனால் எல்லோருக்கும் தொடர் கண்காணிப்பு தேவை, ஏனென்றால் சுருக்கம் வராமலேயே புற்றுநோய் வரும் வாய்ப்பு இந்த வைரஸில் உண்டு. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி. கர்ப்பிணிக்குப் பாசிட்டிவ் என்றால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி. இந்த ஒன்றில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது.

ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசியை, ஹெபடைடிஸ் பி அதில் ஒன்று, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். தமிழர்கள் ஹெபடைடிஸ் பி விஷயத்தில் பெருமைப்பட வேண்டுமென்றால் இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். இதைத் தாங்கிப் பிடிக்கும் சான்றுகள் எத்தனை முறை சோதித்தாலும் நிற்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. 1988 ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும், பாதியில் நின்றவர்களையும் சேர்த்து, என்ன ஆனது என்ற பதிவேடு எங்கேயாவது பத்திரமாக இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டுப் பொதுவில் வைக்கலாம். அறுபது வரிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு எக்செல் ஷீட், அவ்வளவுதான் வேண்டும். இவ்வளவு காலமாக மேடையில் சொல்லப்படும் ஒரு வரிக்கு அது பதில் சொல்லிவிடும். அந்தப் பதில் கீழாநெல்லிக்குச் சாதகமாக வந்தாலும் இதே இடத்தில் எழுதுகிறேன். அதுவரை, கொல்லையில் இருக்கும் செடி காமாலைக்கு மோரோடு இருக்கட்டும். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் ரிப்போர்ட் டாக்டரிடம் போகட்டும்.